கப்பல் போட்ட பெல்ட்

சந்திரம்மா அழுவதற்கு வரவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குள் நுழைந்தாள். காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் மகன் திருடனா, இல்லையா என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்றாள். அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை.

ஜெயினுலாபுதீன் அதைக் கவனித்தார். ஆனால் முகத்தில் எதுவும் தெரியவில்லை. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ராஜினாமா செய்துவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர். மனைவி சுராயா போன வருஷம் மூளைக் காய்ச்சலில் இறந்த பிறகு அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பசித்தால் சாப்பிட்டார். கேஸ் வந்தால் எடுத்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுகிற வேலையை உதவியாளன் நரசிம்மன் பார்த்துக்கொண்டான். நரசிம்மன் முன்பு பஸ் கண்டக்டர். செக்கிங் இன்ஸ்பெக்டரிடமே டிக்கெட் கேட்டதற்காக வேலை போனவன்.

சந்திரம்மாவுக்குச் சொந்த ஊர் படூர். அவள் மகன் தனகோடி, மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் பிரதர்ட்டன் கல்லூரியில் தண்ணீர் எடுத்து ஊற்றும் வேலையில் இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து மூன்றில், அந்தக் கல்லூரிக்கு அறுபதாவது ஆண்டு விழா. கல்லூரியின் பழைய முத்திரைகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதில் வெள்ளியால் செய்த முதல் முத்திரை அச்சு விழா முடிவதற்குள் காணாமல் போய்விட்டது.

மறுநாள் காலை உடற்பயிற்சி ஆசிரியர் ஏசுபாதம், கடற்கரையில் விட்டுவந்த வாலிபால் கம்பங்களை எடுத்துவரத் தனகோடியைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனார். இரண்டு பேருமே திரும்பவில்லை.

சில நாள் கழித்து ஒரு உடல் கரை ஒதுங்கியது. முகம் இல்லை. மீன்கள் விட்டுவைக்கவில்லை. இடுப்பில் கல்லூரி முத்திரை போட்ட பெல்ட் மட்டும் இருந்தது. ஏசுபாதத்தின் மனைவி மார்கரெட் வந்து பார்த்து, தன் புருஷன்தான் என்றாள். மாதாகோயில் கல்லறையில் புதைத்தார்கள். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் அந்த அச்சு அகப்பட்டது. விற்றவன் தன் பெயர் தனகோடி, ஊர் படூர் என்று சொல்லியிருந்தான். அத்தோடு கேஸ் முடிந்தது. வாத்தியார் கடலில் செத்தார். தண்ணிக்காரன் வெள்ளியோடு ஓடிவிட்டான்.

இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று ஜெயினுலாபுதீன் கேட்டார். மகள் கல்யாணி எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அதே கல்லூரியில் அட்டெண்டர் வேலைக்குப் போய் நின்றாளாம். திருடன் தங்கைக்கு இங்கே வேலை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நரசிம்மன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தான். "பாய், ஒரு சந்தேகம். திருட்டுப் பொருள விக்கப் போறவன், பேரு இன்னா ஊரு இன்னான்னு மேரேஜ் பத்திரிகை மாதிரியா சொல்லிட்டு வருவான்?"

ஜெயினுலாபுதீன், தனகோடி அன்றைக்கு என்ன உடுத்திப் போனான் என்று சந்திரம்மாவிடம் கேட்டார்.

காக்கி நிஜார், காக்கிச் சட்டை, பெல்ட். அந்த பெல்ட்டும் கல்லூரியில் கொடுத்ததுதான் என்றாள். அதைக் கட்டிக்கொண்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாதாம். கரை ஒதுங்கிய உடலிலும் காலேஜ் பெல்ட் இருந்தது என்று கேள்விப்பட்டதும் அவள் ஸ்டேஷனுக்கே நடந்து போய்ச் சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த ரைட்டர் அவனுடைய பெல்ட்டில் என்ன முத்திரை என்று கேட்டிருக்கிறார்.

"கப்பல்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு. காலேஜுக்கு ஏதும்மா கப்பலு, காலேஜி முத்திரையில லைட் ஹவுசு இல்ல கீதுன்னாரு. நா வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போதும் அவள் குரல் ஏறவில்லை. யாரோ வேறு ஒருத்தியின் மகனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

*

ராஜ்தூத் வண்டி திருப்போரூர் வழியாகப் போயிற்று. முருகன் கோயில் குளத்தருகே நரசிம்மன் வண்டியை நிறுத்தி டீ குடித்தான். கிருத்திகை என்பதால் கூட்டம். மொட்டை போட்ட தலைகளாகப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் சீப்பு விற்கிறவன்தான் உண்மையான தைரியசாலி என்றான். ஜெயினுலாபுதீன் தன் டீயை ஆறவிட்டு, குடிக்காமலே கிளாசைக் கீழே வைத்தார்.

கல்லூரி நுழைவாயிலில் வளைவு இருந்தது. வெளியே நின்ற கல்லூரி பஸ்ஸின் பக்கவாட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்த வட்ட முத்திரை. கலங்கரை விளக்கம், அதற்கு வலப்பக்கம் அலைகள், சுற்றிலும் தமிழ் எழுத்து. கப்பல் எங்கும் இல்லை.

நூலகர் சகுந்தலாதான் அந்த முத்திரைக் காட்சியை அமைத்தவள். நாற்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முத்திரை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வந்த உற்சாகத்தை நிறுத்துவது கஷ்டமாயிருந்தது. வாசல் வளைவுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். பஸ்ஸில் வருகிறவன் யாரும் பார்க்காத உயரத்தில், கல்லில், மூன்று பாய் விரித்த கப்பல் ஒன்று செதுக்கியிருந்தது.

அதுதான் முதல் முத்திரையாம். கல்லூரியைத் தொடங்கிய பிரதர்ட்டன் துரை கப்பல் ஏஜெண்டு. சரக்கு ஏற்றிச் சம்பாதித்ததில் கட்டிய கல்லூரிக்குக் கப்பலையே வைத்துவிட்டார். சுதந்திரம் வந்த மறுவருஷம் துரை குடும்பம் கப்பலேறியது. முத்திரையிலிருந்த கப்பலும் போயிற்று. இரண்டாவது முத்திரைக்குக் கலங்கரை விளக்கமும் கடலும் என்று முடிவு செய்து, அச்சு வெட்ட மதராசுக்குக் கொடுத்தார்கள். அச்சில் இடவலம் மாற்றி வெட்டினால்தான் காகிதத்தில் நேராக விழும். வெட்டினவன் எழுத்துகளைத் திருப்பி வெட்டினான். படத்தைத் திருப்ப மறந்துவிட்டான். அதனால் எழுத்து சரியாக விழுந்தது, படம் மட்டும் இடவலம் மாறிக் கடல் மேற்குப் பக்கம் போய்விட்டது.

"அய்யய்யோ, அப்ப செங்கல்பட்டு முழுகிப் போச்சு பாய். நம்ம ஆபீசு மாடின்றதால தப்பிச்சோம்" என்றான் நரசிம்மன்.

சகுந்தலா சிரித்தாள். இருபது வருஷம் அந்தத் தலைகீழ்க் கடலை வைத்தே டிகிரிக்காரர்களை அனுப்பியிருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை என்றாள். மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆன வருஷம் பெயரையும் தமிழில் போட்டாக வேண்டியிருந்தது. அப்போது ஒரு பிரின்சிபால் கவனித்து, கடலையும் கிழக்கே கொண்டுவந்து மூன்றாவது முத்திரையைச் செய்தார். பஸ்ஸில் இருப்பது அதுதான்.

ஜெயினுலாபுதீன் அப்போதுதான் வாயைத் திறந்தார். கப்பல் முத்திரை போட்ட பெல்ட் எப்போதாவது இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது. துரை காலத்துப் பையன்கள் யூனிஃபார்முக்குக் கட்டிய பித்தளை பக்கிள் பெல்ட்டுகள். ஸ்டோரில் ஒரு மூட்டை கிடந்தது. மூன்றாவது முத்திரை வந்தபோது, பழையதெல்லாம் இனி எங்கும் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. தூக்கிப் போட மனசு வராமல் தோட்டக்காரன், தண்ணிக்காரன் மாதிரி ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் புது பெல்ட் வந்தது. ஏசுபாதம் எழுபத்தொன்றில் சேர்ந்தவர். அவருக்குக் கொடுத்தது புதிய கலங்கரை விளக்கம் போட்டதுதான். அவள் கையாலேயே கொடுத்தது.

"கரை ஒதுங்கின உடம்புல இருந்தது எந்த முத்திரை?"

சகுந்தலா யோசித்தாள். "காலேஜ் முத்திரைன்னு போலீஸ்ல சொன்னாங்க. எதுன்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள். "நான் கேக்கல சார். நானே கேக்கல."

*

மாதாகோயில் கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்து இருந்தது. மணல் ஏறிப் பாதிச் சிலுவைகள் புதைந்திருந்தன. ஏசுபாதம் என்று பெயர் எழுதிய சிமெண்டுச் சிலுவையைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அதைச் சுற்றி மட்டும் மணலைப் பெருக்கித் தள்ளி, சங்குப் பூக்கள் வைத்திருந்தது. வாரத்துக்கு ஒருதரமாவது யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தது.

பெயருக்குக் கீழே, சிமெண்டில் பதித்து, ஒரு பெல்ட் பக்கிள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. ஜெயினுலாபுதீன் குந்தி உட்கார்ந்து கைக்குட்டையால் தேய்த்தார். முதலில் ஒரு பாய் தெரிந்தது. பிறகு இரண்டு. மூன்றாவது பாயின் நுனி சிமெண்டுக்குள் மறைந்திருந்தது.

நரசிம்மன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேரு போனாங்க" என்றார் ஜெயினுலாபுதீன். "ஒருத்தன் செத்தான், ஒருத்தன் ஓடினான். எல்லாரும் அச்சு வெட்டினவன் மாதிரி மாத்திப் போட்டுட்டாங்க. இது தனகோடி. காஞ்சிபுரத்துல வெள்ளிய வித்தது ஏசுபாதம்."

"சரி பாய். ஆனா வாத்தியார் சம்சாரம் பாவம் இல்ல? முகம் இல்லாத பொணத்தக் காட்டி பெல்ட்டப் பாருன்னா, எந்தப் பொண்டாட்டிக்குத் தெரியும்? காலேஜ் பெல்ட்டு, நம்மாளுன்னு சொல்லியிருக்கும்."

ஜெயினுலாபுதீன் பெருக்கியிருந்த மணலைப் பார்த்தார். அவருடைய வீட்டில் சுராயாவின் பொருள்கள் இன்னும் அதே அலமாரியில் இருந்தன. அவருடைய எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் அது தெரியாது.

"பொண்டாட்டிக்குத் தெரியும்" என்றார்.

*

மார்கரெட் பெண்கள் விடுதியின் வார்டன். புருஷன் கல்லூரி வேலையாகப் போய்க் கடலில் இறந்தார் என்பதால் நிர்வாகம் கொடுத்த வேலை. வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். முப்பத்தைந்து இருக்கலாம். விடுதிச் சமையலறைக்கு வந்த அரிசியைக் களைந்துகொண்டிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, இவர்களை வரவேற்பறையில் உட்காரச் சொன்னாள். யார், எதற்கு வந்தார்கள் என்று ஜெயினுலாபுதீன் சொன்னார். சந்திரம்மா என்ற பெயரைக் கேட்டதும் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கல்லறையிலிருந்து வருகிறோம், பக்கிளைப் பார்த்தோம் என்றார். அதில் இருப்பது கப்பல், உங்கள் வீட்டுக்காரரின் பெல்ட்டில் கப்பல் கிடையாது என்றார். அன்றைக்குப் பதற்றத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று அவளுக்கு ஒரு வழியையும் திறந்துவைத்தார்.

மார்கரெட் அந்த வழியில் போகவில்லை.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்த பெல்ட்ட நான்தான் புளி போட்டுத் தேய்ப்பேன் சார். லைட் ஹவுஸ்ல எத்தன ஜன்னல்னு எனக்குத் தெரியும். துணிய விலக்கிக் காட்டினப்பவே தெரிஞ்சிடுச்சு, அவர் இல்லன்னு."

நரசிம்மன் நாற்காலி நுனிக்கு வந்தான். 

அவள் சொன்னதெல்லாம் ஒரே சுரத்தில் இருந்தது. கம்பம் எடுக்கப் போன அந்தக் காலையில் ஏசுபாதம் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் அதைப் பார்த்ததும் அவர் திரும்பி வரமாட்டார் என்று புரிந்துவிட்டது. அதற்கு முந்தின ஒரு வருஷமாகவே அவர் வீட்டில் பேசுவது நின்றுபோயிருந்தது. வெள்ளி அச்சைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது. உடலைக் காட்டி, பார்த்துச் சொல்லும்மா என்று போலீஸும் பிரின்சிபாலும் மாதாகோயில் சாமியாரும் சுற்றி நின்றபோது, எல்லாருடைய முகத்திலும் அவள் ஆமாம் சொல்ல வேண்டும் என்றே இருந்தது.

"செத்தவன் பொண்டாட்டிக்கு வேலை குடுப்பாங்க, தங்க எடம் குடுப்பாங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு இன்னா குடுப்பாங்க? ஆமான்னேன். ஒரு வார்த்தைதான்."

"அந்த ஒரு வார்த்தையில ஒரு பையன் திருடன் ஆயிட்டான்" என்றான் நரசிம்மன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அது பின்னால வந்துச்சு. காஞ்சிபுரத்துல அந்தப் பேரச் சொன்னாங்கன்னு கேட்டதும் வித்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போய்ச் சொல்லணும்னு கெளம்பினேன். வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் போகல. மறுநாளும் போகல. அப்புறம் எதுவும் உறைக்கறதே இல்ல சார். சாப்பாட்டுல உப்பு கூட."

பக்கிளை எதற்குக் கல்லறையில் பதித்தீர்கள் என்று ஜெயினுலாபுதீன் கேட்டார். அதை மறைத்திருந்தால் இன்றைக்குத் தன்னால் எதையும் நிரூபிக்க முடியாது என்றார். கடலில் எறிந்திருக்கலாமே.

மார்கரெட் தன் கைகளைப் பார்த்தாள்.

"பேரத்தான் மாத்திச் சொன்னேன். அந்தப் புள்ளைகிட்ட மிச்சம் இருந்தது அந்த பெல்ட் ஒண்ணுதான். அதையும் எடுத்துக்க முடியல. எல்லாரும் பாக்கற மாதிரி கொத்தனார விட்டுப் பதிக்கச் சொன்னேன். யாராவது பாத்துக் கேப்பாங்கன்னு நெனச்சேன். பிரின்சிபால் வந்தாரு, போலீஸ்காரங்க வந்தாங்க, வருஷா வருஷம் கல்லறைத் திருநாளைக்கு மெழுகுவர்த்தி ஏத்தறாங்க. நாலு வருஷமா யாரும் பாக்கல."

தனகோடி எப்படி இறந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏசுபாதம் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை. முதல் கேள்விக்குப் பதில் ஏசுபாதத்திடம்தான் இருக்கிறது என்று ஜெயினுலாபுதீன் சொன்னார். கொலை என்ற வார்த்தையை அவர் உச்சரிக்கவில்லை. மூன்று பேருக்கும் அது கேட்டது. நாளைக்கு ஸ்டேஷனில் வந்து இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்டார். வேலை போகும், வழக்கும் வரலாம் என்பதையும் சொன்னார்.

மார்கரெட் தலையசைத்தாள். அதற்கு முன்னால் சந்திரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

*

மறுநாள் காலை சந்திரம்மாவை அழைத்துவந்தார்கள். வழியிலேயே ஜெயினுலாபுதீன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று அவருக்கு முன்பு தெரிந்திருந்தது. இப்போது நினைவுக்கு வரவில்லை. அதனால் நேராகச் சொன்னார். உன் மகன் திருடன் இல்லை. அவன் அன்றைக்கே செத்துவிட்டான். சந்திரம்மா முதல் வாக்கியத்துக்குத் தலையை ஆட்டினாள். இரண்டாவதுக்கும் அதே மாதிரி ஆட்டினாள்.

கல்லறையருகே மார்கரெட் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். காலில் விழப் போனவளைச் சந்திரம்மா கையை நீட்டித் தடுத்தாள். கோபத்தில் தடுத்ததாகத் தெரியவில்லை. வேறு ஒருவர் பெயர் எழுதியிருந்த சிலுவையை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கிளைத் தொட்டாள். கட்டை விரலால் பாய்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

கடற்கரையில் மீன் ஏலம் போடுகிறவர்களின் சத்தம் வந்தது. நரசிம்மன் தூரத்தில் வண்டியருகே நின்றான்.  

சந்திரம்மா மணலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மார்கரெட்டையும் உட்காரச் சொன்னாள். அவள் உட்கார்ந்ததும், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"பொதைக்கறப்போ யாராச்சும் அழுதாங்களாம்மா?"

மார்கரெட் பொய் சொல்லக் கூடாது என்று யோசிப்பது தெரிந்தது.

"நான் அழுதேன். அவருக்காக இல்ல. உங்க புள்ளையத் தெரிஞ்சு அழுதேன்னும் சொல்ல முடியாது. யாருக்குன்னே தெரியாம அழுதேன். ஆனா ரொம்ப அழுதேன்."

சந்திரம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். காற்றில் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அப்ப சரி. யாரும் அழாமப் போவல."

மார்கரெட் அழத் தொடங்கினாள். சந்திரம்மா அவளைத் தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஜெயினுலாபுதீன் தலைக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பெண்களுக்கும் பின்னால் மணலில் உட்கார்ந்தார். யாரையும் கிளம்பச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.